ஒரு படி தவிடு

மொட்டையடித்து, ஈர வேட்டியோடு மின்மயானக் கதவின் முன் நின்றான் தவிட்டுராஜ். அம்மா உள்ளே இருந்தாள். கதவு திறக்கவில்லை. அதிலிருந்த திரை, 'இறந்தவருக்கு மகன் இல்லை. பத்து நிமிடத்தில் அநாதைத் தகனம்' என்றது.

"என்ன தம்பி இது? என்னைப் பெத்தவங்க உள்ள கிடக்காங்க!"

மயான ஊழியன் இருளப்பன் திரையருகே ஓடி வந்தான். "குடும்பப் பதிவுக்கு ஏதாவது குடுத்தீங்களாண்ணே?"

கொடுத்திருந்தான். தான் பிறந்த கதை அம்மாவின் கையெழுத்திலேயே இருக்கிறதே என்று, அவளுடைய பழைய நோட்டைப் போன மாதம் அவனேதான் ஆசை ஆசையாகப் பதிவு இயந்திரத்தின் முன் விரித்து வைத்தான்.

இருளப்பன் அந்தப் பக்கத்தைத் திரையில் வரவழைத்தான். 'முதல் ரெண்டும் தங்கலை. மூணாவது ஆண். பக்கத்து வீட்டு மரியம்மாளுக்கு ஒரு படி தவிட்டுக்கு வித்தாச்சு.'

"அது எமனை ஏமாத்தறதுக்குப்பா! அன்னைக்கு மத்தியானமே தவிட்டைத் திருப்பிக் குடுத்து என்னை வாங்கிட்டாங்க. கீழயே எழுதியிருக்காங்க, பாரு!"

கீழே ஒரு பென்சில் வரி மங்கிக் கிடந்தது. கண்ணைச் சுருக்கினால் படிக்க முடிந்தது. இயந்திரம் அதைக் 'கறை' என்று குறித்திருந்தது.

"சீக்கிரம் திருத்துப்பா!"

இருளப்பன் திருத்தப் பொத்தானை அழுத்தினான். திரையில் ஒரே வரி வந்தது:

'எழுதியவர் நேரில் வந்து உறுதி செய்ய வேண்டும்.'

இருவரும் கதவைப் பார்த்தார்கள். உள்ளே உலை தானாகப் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.