கராஜுக்கு ஒரு ஹீற்றர்

"என்னைக் கண்டோடனை ஓடி வாறாய். கொமிஷனோ?"

பெட்டிகளில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார் சீமோன். ஸ்காபரோவில் உள்ள அந்த ஹார்ட்வெயார் கடையில், அடுத்த வரிசையில் நின்ற பையன் உண்மையில் ஓடித்தான் வந்திருந்தான். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. சீமோனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது.

"கொமிஷன் இல்லை அங்கிள். என்ன வேணும்?"

"கராஜுக்கு ஹீற்றர். மலிவாயும் இருக்கோணும், கனகாலம் உழைக்கவும் வேணும். நீ எந்த ஊர்?"

"இங்கதான் பிறந்தனான்."

"ஊர் சொல்லாதவனை நம்பேலாது" என்று முணுமுணுத்தபடி, இருந்ததில் மலிவான ஒன்றைத் தூக்கினார்.

"கராஜில என்ன வேலை?"

"மரவேலை."

"அப்ப உது வேண்டாம். கம்பி சிவந்து நிக்கும். மரத்தூள் பட்டால் பத்தும். காஸ் ஹீற்றரும் வேண்டாம், பூட்டின கராஜுக்குள்ள ஆளை விழுத்திப்போடும். மேல பூட்டுற இந்த இரும்புப் பெட்டிதான் சரி. இருநூற்றி நாப்பது வோல்ட் லைன் இருக்கோ?"

"முந்தி வெல்டிங் மெசினுக்கு இழுத்தது கிடக்கு."

"அப்ப அந்தச் செலவு மிச்சம். இது வருசக்கணக்கா உழைக்கும்."

"விலை கூடினதை என்ர தலையில கட்டப் பாக்கிறாய்."

"மட்டை கிழிஞ்ச பெட்டி ஒண்டு கிடக்கு. சாமான் புதிசு. குறைச்சுத் தாறன்."

"எனக்கு மட்டும் ஏன்?"

பையன் அந்தப் பெட்டியை எட்டிப் பிடித்தான். "அவசரமோ?" என்று மட்டும் கேட்டான்.

சீமோனின் குரல் இறங்கியது. "குளிருக்குப் பசை இறுகுதில்லை. தொட்டில் செய்யிறன், மகளுக்கு."

பெட்டியை இறக்கிய பையனின் கை அப்படியே நின்றது.

"மட்டக்களப்புச் சைவக் குடும்பத்துப் பெடியனைக் கட்டினாளெண்டு கலியாணத்துக்குப் போகேல்லை. அவன்ர படத்தைக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை. இப்ப பிள்ளை எப்ப பிறக்குமெண்டு சேர்ச்சில கண்டவை நிண்டவையிட்டயெல்லாம் விசாரிக்கிறன். அதுகளும் சரியாச் சொல்லுதுகளில்லை. வெறுங்கையோட என்ன முகத்தோட அவளின்ர படி ஏறுறது?"

பையன் பெட்டியைக் காரின் டிக்கிவரை சுமந்து வந்து வைத்தான். சீமோன் நிலத்தில் கிடந்த பனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைக்கு வந்த இடத்தில வாயைத் துறந்திட்டன். வெக்கக்கேடு. ஆரிட்டையும் சொல்லிப்போடாதை தம்பி."

"சொல்லமாட்டன். ஆறுதலாச் செய்யுங்கோ. பேர்ணடெற்றுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு, மாமா."