படகில் தப்பிய பிரபலம்

‘லேடி ஆர்டன்’ கப்பல் மூழ்கிப் பத்து வருடம் நிறைந்த அன்று, சவுத்தாம்ப்டன் வீட்டு வாசலில் நிருபர் வந்து நின்றதும் வெரீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு காலத்தில் லண்டன் மேடையையே ஆட்டிவைத்த நடிகை அவள். முத்துமாலையைச் சரிசெய்துகொண்டே கதவைத் திறந்தாள்.

“பிபி இருக்காங்களா?”

வெரீனாவின் முகம் சுண்டிப்போனது. “தூங்கறா. நான் பேசட்டுமா?”

“ஐயோ, அவங்கதான் வேணும்! அன்னிக்குப் படகுல தப்பிச்சவங்கள்ல ஜனங்க இன்னும் மறக்காதது அவங்களை மட்டும்தான்!”

வெரீனா உள்ளே திரும்பிக் கத்தினாள். “அடியே மகாராணி, எழுந்து வா! உன்னைத்தான் தேடறாங்க!”

வாலை ஆட்டியபடி ஓடிவந்தது பிபி என்ற அந்தக் குட்டை நாய். நிருபர் மண்டியிட்டு அதற்குக் கைகொடுத்தார். வெரீனாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“இவளைக் கோட்டுக்குள்ள ஒளிச்சுப் படகுல ஏத்தினதே நான்தான்யா!”

நிருபர் அண்ணாந்து பார்த்தார்.

“அடடே! அந்தக் கப்பல்ல நீங்களும் வந்தீங்களா?”