ஒரே ஒரு கோடு

"யாரைக் கேட்டு என்னை அந்தம்மாகூட டியூட்டி போட்டீங்க?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தில் கைப்பையைச் சோபாவில் வீசினாள் நர்ஸ். அவள் கணவன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவசரப் பிரிவுக்கு மாலை டியூட்டி அட்டவணை போட்டுக் கொடுத்தவன் அவன்தான்.

"உங்க பெரிய டாக்டர்தானே கேட்டார்? ஏழு நர்ஸ், தினம் மூணு பேர். கோஷ்டி சேரக் கூடாது, அதனால எந்த ரெண்டு பேரும் வாரத்துல ஒரே ஒரு நாள்தான் சேர்ந்து இருக்கணும்னார்."

அவன் காகிதத்தில் ஏழு புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைத்தான்.

"ஒரு புள்ளி ஒரு நர்ஸ். ஒரு முக்கோணம்னா, மூணு பேர் சேர்ற ஒரு நாள். எந்தக் கோடும் ரெண்டு முக்கோணத்துல வராது. எதுவும் விட்டும் போகாது."

"எங்க ரெண்டு பேர் கோட்டை மட்டும் அழிங்க!"

"அழிச்சா அன்னிக்கு டியூட்டியே கலைஞ்சிடும்."

"வேற வேற ஷிப்ட் வாங்கி, ரெண்டு வருஷமா அந்த மூஞ்சியில முழிக்காம இருந்தேன். இப்ப ரெண்டு பேரையும் மாலைக்கு மாத்தினது போதாதுன்னு, ஒரே நாள்ல கெடுத்துட்டீங்களே!" அவள் கதவைப் படாரென்று சாத்தினாள்.

இருவருக்கும் சேர்ந்து டியூட்டி விழுந்த வியாழக்கிழமை, முறைத்துக்கொண்டேதான் டியூட்டிக்குப் போனாள். அன்று மாலை அவனுக்குப் போன் வந்தது. அந்தம்மாதான். குரலில் அனல் பறந்தது.

"என்ன கணக்குப் போட்டிருக்கீங்க மாப்பிள்ளை? பெத்த பொண்ணுகூட எனக்கு வாரத்துல ஒரு நாள்தானா?"

காதல் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து மாமியார் அவனோடு பேசிய முதல் வார்த்தை அது. அதே போனில், மாமியாருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் சீறியது.

"அவரை ஏம்மா திட்டறே? ரூல் போட்டது டாக்டர்!"