எந்த ஊரு நீ?

ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலில் கூடாரம் போட்டுப் பேய் வீடு காட்டுகிறார்கள். வெளியே உச்சி வெயில், தார்ப்பாய்க்குள் கும்மிருட்டு. மகள் அடம்பிடித்ததால் சடையன் உள்ளே வந்துவிட்டான். பதினாலு வயது ரஞ்சிதத்தின் பின்னலை வலது கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறான். வயதுப் பெண்மேல் பேய் முடி வழியாகத்தான் ஏறும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை பின்னலை இறுக்குகிறது. “எல்லாம் வேசம்ப்பா. வலிக்குது, வுடு” என்று அவள் சிரிக்கிறாள். எங்கோ தகரம் அதிர்கிறது. சிவப்பு பல்பு விட்டுவிட்டு எரிகிறது. சுண்ணாம்பு பூசிய முகம் ஒன்று பாடையிலிருந்து எழுந்து அவள் தோளைத் தொடுகிறது. பேய் பிடித்தவர்களிடம் மலையில் கேட்பதைத்தான் சடையனும் கேட்கிறான்: “யாரு நீ? எந்த ஊரு?” அந்த முகம் திகைத்து, “கணியம்பாடிங்க” என்கிறது. ஊரைச் சொல்லிவிட்டது. அப்படியானால் பேய்தான். “இன்னா வேணும் உனக்கு?” “ஒரு பீடி இருந்தா குடுங்க, காலையிலேர்ந்து இங்கயே படுத்துக் கெடக்குறேன்.” மடியிலிருந்த பீடிக்கட்டை அப்படியே பாடைமேல் வைத்துவிட்டு, மகளை வெளிச்சத்துக்கு இழுத்து வருகிறான். அவள் தலை குனிந்திருக்கிறது, தோள் குலுங்குகிறது. சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. “ரஞ்சிதம், எந்த ஊரு நீ?” என்கிறான். அவள் நிமிராமலே, குரலைத் தடிப்பாக்கி, “கணியம்பாடிங்க” என்கிறாள். புளி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னல் அவன் கையில் மூன்றாவது சுற்று ஏறுகிறது.