நாலு கண்ணி

அவன் வாட்சை மேசையில் வைத்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் அவள் அதைக் கையில் எடுத்துவிட்டாள்.

“மேடம், நான் வந்தது…”

கையைக் காட்டி நிறுத்தினாள். பழைய விலையுயர்ந்த கைக்கடிகாரங்களை வாங்கி விற்கும் அந்த மாடிக் கடையில் முதலில் வாட்ச் பேசும். ஆள் பேசுவதெல்லாம் அப்புறம்.

தொழிலில் இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘லென்ஸ்’. இருபத்திரண்டு வருடமாக வலது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். டயலைப் பார்த்தே வாட்சின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள் என்று போட்டிக் கடைக்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். அவளும் அதை மறுத்ததில்லை.

விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

கடலுக்கடியில் வேலை செய்பவர்களுக்காக ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த மாடல். கறுப்பு டயல். மணிக்குறிகளில் பூசியிருந்த வெள்ளை, வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தது. முட்களிலும் அதே நிறம். இரண்டுக்கும் சேர்ந்தே வயதாகியிருக்கிறது. டயலுக்கு யாரும் புதுச் சாயம் அடிக்கவில்லை, முள்ளையும் மாற்றவில்லை.



“பாலிஷ் போட்டீங்களா தம்பி?”

“இல்ல மேடம். ரொம்ப அழுக்கா இருக்கா?”

“அழுக்கு இருக்கட்டும். நல்ல வேளை, கை வைக்கல.”

விற்க வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது. பளபளவென்று இருந்தால் கூடப் போகும் என்று ஆசை ஆசையாகத் தேய்த்துக்கொண்டு வருவார்கள். சிராய்ப்போடு சேர்ந்து விலையும் தேய்ந்துபோயிருக்கும். இந்த வாட்சிலோ ஓரங்கள் இன்னும் கூர்மையாக இருந்தன. பட்ட அடி ஒவ்வொன்றும் பட்டபடியே இருந்தது.

பின்மூடியைத் திறந்தாள். மூடிக்குள் இருந்த எண்ணும் மேலே இருந்த எண்ணும் ஒத்துப்போயின. இயந்திரமும் இரவல் இயந்திரம் இல்லை.

மூன்று வருடமாக ஒரு பணக்காரர் இதே மாடலைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

செயினுக்கு வந்தபோதுதான் எங்கேயோ இடித்தது.

பூட்டி, வட்டமாக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்குத்தான் காணும். எதிரே நிற்பவனுக்கோ நல்ல தடித்த மணிக்கட்டு.

“மிச்சம் இதுல இருக்கு மேடம்,” என்று அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துக் கவிழ்த்தான். செயினின் கண்ணிகள் நாலு மேசைவிரிப்பில் உதிர்ந்தன.

ஒன்றும் தொலையவில்லை என்பது விலைக்கு நல்லது. ஆனால் திருகுகளின் தலை எல்லாம் மழுங்கியிருந்தது. பக்கத்து எஃகில் கோணல்மாணலாகக் கீறல். தொழில் தெரிந்த எவனும் இப்படிக் கழற்ற மாட்டான்.

சரி, அடுத்தவன் பொருள் என்று முடிவுகட்டினாள். திருடிக்கொண்டு வருகிறவன் முதல் விலைக்கே சரி என்பான். அவள் அனுபவம் அது.

சோதித்துப் பார்க்கப் பாதிக்கும் கீழே ஒரு விலை சொன்னாள்.

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினான்.

கூட்டிச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினான்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடை திறந்த நாளிலிருந்து எந்த வாட்சுக்கும் சொல்லாத ஒரு விலையைச் சொன்னாள்.

அந்தப் பணத்துக்கு அவனிடம் வேலை இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்த நாலு கண்ணிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேணாம் மேடம்.”

லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தாள். “தம்பி, நேராவே கேக்குறேன். இது யாரோடது?”

“எங்க அக்காவோடது.”

“கண்ணிய இப்படிக் குதறி வச்சது யாரு?”

“நான்தான்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மூக்குக்கண்ணாடிக்கு வச்சிருக்கிற ஸ்க்ரூ டிரைவரால கழட்டினேன். போன வருஷம், மாசத்துக்கு ஒண்ணு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கைய நீட்டுவா. தூக்கினா வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடிரும். கழட்டி பத்திரமா வச்சிடலாம்னா கேக்க மாட்டா. பன்னெண்டு வருஷம் கப்பலுக்கு அடியில முங்கி வெல்டிங் பண்ணி, அந்தச் சம்பாத்தியத்துல பழசாத் தேடி வாங்கினது.”



இறந்தவர்களின் வாட்ச் எத்தனையோ அந்த மேசைக்கு வந்திருக்கிறது. கொண்டுவருகிறவர்களிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதும் அவளுக்குப் பழக்கம்தான். இன்று அந்தக் குரல் சட்டென்று வரவில்லை. வாட்சை அவன் பக்கமாக மெல்ல நகர்த்தினாள்.

“மன்னிச்சுக்கோங்க தம்பி. நான் வேற என்னமோ நெனச்சுட்டேன். அக்கா எப்ப தவறினாங்க?”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“ஐயோ மேடம்! கீழ கார்ல உக்காந்திருக்கா. வாட்ச் இறுக்குது, கையில தடம் விழுதுன்னு ஒரு வாரமா என்னைப் போட்டு வறுத்தெடுக்குறா. ஒரு கண்ணி சேத்துக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?”

அவள் இழுப்பறையைத் திறந்து, அந்தத் திருகுக்குப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

“ஒண்ணு போதுமா?”

“இப்போதைக்கு ஒண்ணு போதும் மேடம்,” என்றான். “மிச்சம் மூணுக்கும் அவளே மாடி ஏறி வருவா.”