எடெல்மிரா சொன்ன வானிலை

“இன்னிக்குத் தாண்டாதீங்க. சொன்னாக் கேளுங்க. ஓவர்.”

ரேடியோவில் எடெல்மிராவின் குரல் கரகரத்தது. அவள் கெய்யோன் ஊரில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து பேசினாள். அவள் கணவன் குஸ்தோதியோ, சிலோயே தீவின் தெற்கு முனையில் நங்கூரம் போட்ட படகில், மைக்கும் கையுமாக நின்றான்.

“இங்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு, எடெல்மிரா. வடக்கே மட்டும் ஈரல் நிறத்துல ஒரு மேகம் படுத்திருக்கு. சாயங்காலம் வடக்கத்திக் காத்து வரும். அதுக்குள்ள வளைகுடாவைத் தாண்டி மெலிங்கா போயிடலாம்னு பாக்கறேன். ஓவர்.”

“ஈரல் நிறமா? நல்லாப் பாத்தீங்களா? இருங்க.”

ரேடியோ அடங்கிவிட்டது. எப்போது பேசினாலும் நடுவில் இப்படி “இருங்க” என்று விட்டுப் போவது அவள் வழக்கம். ஜன்னலைத் திறந்து காற்றை மோந்து பார்க்கிறாள் என்பது குஸ்தோதியோவின் திடமான நம்பிக்கை. சந்தையில் பார்க்கிறவனிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தான்.

“அக்கா சாமிகிட்டக் கேக்கப் போயிட்டா,” என்றான் லிசார்தோ. எடெல்மிராவின் தம்பி, படகில் சிப்பி எடுக்க மூழ்குகிறவன் அவன்தான்.

குரல் திரும்பி வந்தது. “வளைகுடா வாயில, மணல்மேட்டு மேல, அலை ரெண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி வெள்ளையா உடையுது. போனீங்கன்னா நடுவுல மாட்டிக்குவீங்க. ஓவர்.”

“மச்சான், வானிலை அறிக்கையில அலையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல,” லிசார்தோ பொறுமையிழந்தான். “நொல்பெர்ட்டோ அந்தக் கரைக்கு எப்பவோ போயிட்டான். நாம இங்க உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தா, அவன் மொத்தச் சிப்பியையும் அள்ளிடுவான்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் குஸ்தோதியோவின் முகம் கடுகடுத்தது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே படகின் கூட்டாளிகள். ஒரு நங்கூரக் கயிறு தானாக அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்ற தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நொல்பெர்ட்டோ பேசுகிற சேனல் பக்கம்கூட குஸ்தோதியோ தன் ரேடியோவைத் திருப்புவதில்லை.

“அள்ளட்டும்டா. சிப்பி இன்னிக்கில்லாட்டி நாளைக்குக் கிடைக்கும், உசுரு கிடைக்குமா? உங்க அக்கா சொல்லி ஒருநாளும் பொய்யானதில்ல. இங்கயே கிடப்போம்.”

சாயங்காலம் வர வேண்டிய காற்று மத்தியானமே வந்து நின்றது. ஒதுங்கியிருந்த குடாவுக்குள்ளேயே படகு தாறுமாறாக ஆடியது. கிளம்பியிருந்தால் இந்நேரம் நட்டநடு வளைகுடாவில், மேலே காற்றும் கீழே அலையுமாக அகப்பட்டிருப்பார்கள். லிசார்தோ மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“அக்கா பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும், மச்சான்.”

இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று குஸ்தோதியோவின் கண் கலங்கிவிட்டது.

கடல் தணிந்ததும் வளைகுடாவைத் தாண்டி மெலிங்கா வந்தார்கள். துறையில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. நேரங்காலம் பாருங்கள், அது நொல்பெர்ட்டோவின் படகுக்குப் பக்கத்தில்!

அவனோடுதான் பேச முடியாது. அவன் காதில் விழும்படி பேசத் தடையில்லையே.

“பாத்தியா லிசார்தோ!” என்று முழங்கினான் குஸ்தோதியோ. “வாயில அலை ரெண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளையா உடையுதுன்னு வீட்டுல இருந்தே சொன்னாளே, அவ பொம்பள!”

நொல்பெர்ட்டோ மட்டும் இளைத்தவனா? தன் ஆள் பக்கம் திரும்பிக்கொண்டு அவனும் முழங்கினான். “என் ஒதிலியா என்ன குறைச்சலா? வடக்கே ஈரல் நிறத்துல மேகம்னு காலையிலயே சொல்லிட்டா. வெளிக்கரையில கிடந்த படகை உடனே தீவுக்குப் பின்னால கொண்டாந்தேன். இல்லேன்னா பாறையில மோதி நொறுங்கியிருக்கும்!”

சொல்லி முடித்தவன் சட்டென்று வாயை மூடினான். குஸ்தோதியோவும் விறைத்து நின்றான்.

“டேய், ஈரல் நிறம்னு சொன்னது நான்! என் சேனல்ல ஒட்டுக் கேட்டியா, திருடா?”

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு அது.

“நீதான்டா திருடன்! அந்த அலை என் கண்ணால நான் பாத்தது! என் வீட்டுக்கு மட்டும்தான் சொன்னேன்!”

இருவரும் அவரவர் ரேடியோவுக்குப் பாய்ந்தார்கள்.

“எடெல்மிரா! அந்த மேகத்தைப் பத்தி யாருகிட்டச் சொன்னே? ஓவர்!”

“இருங்க,” என்றாள் எடெல்மிரா. பதற்றத்தில் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டாள்.

ரேடியோ வழியே, குஸ்தோதியோவின் சொந்தச் சமையலறைக்குள்ளிருந்து நொல்பெர்ட்டோவின் குரல் கேட்டது. “ஒதிலியா! அந்த அலையப் பத்தி யாருகிட்டடி சொன்னே?”

கோப்பை ஒன்று மேசையில் வைக்கப்பட்டது. ஒரு பெண் சிரித்தாள். “பக்கத்து நாற்காலியில இருக்கற எடெல்மிராகிட்டதான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட மறுநாள்லேர்ந்து, தினம் ரேடியோவைத் தூக்கிட்டு இங்கதானே வந்து உக்காந்திருக்கேன்!”

குஸ்தோதியோ மைக்கை மெல்ல வாயருகே கொண்டுபோனான்.

“எடெல்மிரா... ஒதிலியாகிட்டச் சொல்லி, அவன்கிட்ட நன்றி சொல்லச் சொல்லு. ஓவர்.”

“இருங்க,” என்றாள் அவள். எட்டித் தொடும் தூரத்தில், பக்கத்துப் படகில், ரேடியோவில் காதை வைத்திருந்த நொல்பெர்ட்டோ தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.