நான்காவது இலக்கம்

மூன்று இலக்கங்களைச் சொல்லிவிட்டு முந்திர் நிறுத்தினான்.

"ஏழு. ரெண்டு. ஏழு."

நான்காவது அவனுடைய கைப்பேசியில் இருந்தது. கைப்பேசியை மார்போடு சாய்த்துக்கொண்டான்.

கூரியர் கடையின் கவுண்டருக்கு அப்பால் எழுத்தர் அபு ராயிதின் விரல் விசைப்பலகையின்மேல் காத்திருந்தது. அவருக்குப் பின்னால், அலமாரித் தட்டில், ருதைனாவின் பெட்டி இருந்தது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுப் பத்தொன்பது நாளில் இர்பித் நகருக்கு வந்து சேர்ந்த பெட்டி. அதன்மேல் இருந்த பெயர் அவளுடையது, எண் அவளுடையதன்று.

அந்த எண்தான் வினையாயிற்று. ஜோர்டானுக்குச் சரக்கு அனுப்பாத அமெரிக்கக் கடைகளில் வாங்குகிறவர்கள், அங்குள்ள ஒரு கிடங்கின் முகவரியைத் தருவார்கள். ஆயிரம் பேருக்கும் ஒரே முகவரி. கிடங்கில் பெயரை யாரும் படிப்பதில்லை. பெயரை அடுத்து வரும் எண்ணைக் கொண்டே பெட்டி யாருக்குரியது என்று முடிவு செய்து, கப்பலிலோ விமானத்திலோ ஏற்றுவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மணமுறிவு ஆனதும் ருதைனா தனக்கென ஓர் எண் பெற்றிருந்தாள். கடையின் இணையப் பக்கமோ பழைய முகவரியை மறக்கவில்லை. முன்னாள் கணவன் முந்திரின் எண்ணைத் தானே நிரப்பிக்கொண்டது. மாணவிகளின் விடைத்தாளில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் சிவப்பு மையால் சுழிக்கும் கணக்காசிரியை, அதைச் சரிபார்க்காமல் விட்டாள்.

எண்ணுக்கு உரியவன் நேரில் வர வேண்டும். அவனுடைய கைப்பேசிக்கு வரும் நான்கு இலக்கங்களைச் சொல்ல வேண்டும். இல்லையேல் பெட்டி இல்லை.

"என்ன உம்மு லயான், உள்ள என்ன? காபி மெஷினா?" லயானின் அம்மா என்று மகள் பெயரால் அழைத்து, வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி முந்திர் கேட்டான். "சமையல்கட்டுல ஏலக்காய் டப்பா காலியாக் கெடக்கு. அம்மாவுக்கு அமெரிக்காவுலேர்ந்து மெஷின் வருது!"

யாரோ சிரித்தார்கள்.

தன் வீட்டு ஏலக்காய் டப்பா காலியானது அவனுக்கு எப்படித் தெரியும் என்று ருதைனா கேட்கவில்லை.

"வீட்டுக்கு ஒரு சாமான். மிச்சத்தைச் சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு. அண்ணனுங்களைக் கூட்டிட்டு வந்து கோர்ட்டுல காதி முன்னாடி என்னைப் பத்தி அளந்தியே, அத்தனையும் பொய்யின்னு சொல்லு. இங்கயே. இவங்க முன்னாடியே."

"ஐயா, இங்க பஞ்சாயத்து வேணாம்," என்றார் அபு ராயித். "இது மூணாவது தடவை வந்த கோட் நம்பர், இதான் கடைசி. ஒரு நிமிஷத்துல செத்துப்போயிடும். அப்புறம் பெட்டியைத் திருப்பி அனுப்பிடுவாங்க, நானே நெனச்சாலும் தர முடியாது."

முந்திர் தோளைக் குலுக்கினான். அவனுக்கு அவசரமில்லை.

பதினோராண்டு மணவாழ்வில் வாயால் அடித்தும் கையால் அடித்தும் அவனால் அவளிடமிருந்து பெற முடியாத சொல் ஒன்று உண்டு. செய்யாத தவற்றுக்கு அவள் எவரிடமும் அதைச் சொன்னதில்லை.

ருதைனா பெட்டியைப் பார்த்தாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்," என்றாள். நாற்பது பேர் கொண்ட வகுப்பின் கடைசிப் பெஞ்சுக்குப் போகும் குரல் அது. "மன்னிச்சிடுங்க."

சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வெற்றி வந்திருக்க வேண்டிய முகத்தில் ஐயம் வந்தது. அவள் அழுதிருக்க வேண்டும். குரலாவது உடைந்திருக்க வேண்டும். ஆயினும் இத்தனை பேர் எதிரில் பேச்சு மாற முடியாது.

"ஒன்பது," என்றான்.

கையெழுத்திட்டான். பெட்டியை அவளிடம் கொடுக்காமல், தானே தூக்கிக்கொண்டு அவளுடைய கார்வரை நடந்தான்.

"நல்ல கனம். பாத்தியா, விவாகரத்து ஆனாலும் உன் சுமையைத் தூக்குறவன் நான்தான்." பின்னிருக்கையில் வைத்துக் கதவை அறைந்தான். "வெள்ளிக்கிழமை வர்றேன். மன்ஸஃப் கறிச்சோறு செஞ்சு வை. போன தடவை தயிர் புளிச்சுப்போயிருந்துச்சு."

அவன் அனுமதி கேட்கவில்லை, அறிவித்தான்.

அன்று மாலையே ருதைனா திருப்புளியைக் கையில் எடுத்தாள். உள்ளூரில் இருமுறை ஆள் வைத்துச் செய்துபார்த்த வேலைதான் அது. ஒருமுறை வந்தவன் முந்திரின் சிற்றப்பன் மகன். மறுமுறை வந்தவன் முந்திரோடு படித்தவன். இருமுறையும் புதுச் சாவி ஒன்று, அவளுடைய கைக்கு வருமுன்பே முந்திரின் சட்டைப்பைக்குப் போயிருந்தது. பள்ளியிலிருந்து திரும்பும் நாள்களில், அவன் குடித்துவிட்டுப் போன காபிக் கோப்பை தொட்டியில் கிடக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பூட்டுக்குச் சாவியே இல்லை. அவளுடைய விரலையும் மகள் லயானின் விரலையும் தவிர அது வேறெதையும் அறியாது.

வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழுகை முடிந்த சற்றைக்கெல்லாம், வாசலில் இரும்போடு இரும்பு உரசியது. இல்லாத துளையைத் தேடி ஒரு சாவி மேலும் கீழும் சுரண்டிக்கொண்டிருந்தது.

சோற்றை உருட்டிய லயானின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ சாப்பிடு," என்றாள் ருதைனா. "விருந்தாளின்னா தட்டுவாங்க."

சுரண்டல் நின்றது.

பின்னர், இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, முந்திர் கதவைத் தட்டினான்.